வேலைக்கு ஆலன் கீ செட்: வாங்குவதிலிருந்து வருடக்கணக்கில் ஓட்டுவது வரை

ஐடிஐ முடித்து மெயின்டனன்ஸிலோ மெஷின் சர்வீஸிலோ சேரும் எல்லோருக்கும் முதல் மாதமே ஒரு ஆலன் கீ செட் (அறுகோண முனையுள்ள எல் வடிவச் சாவிகள்) தேவைப்படும். அதை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படிப் பிடிப்பது, எப்போது தூக்கிப்போடுவது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. "இதுல என்னப்பா இருக்கு, விட்டுத் திருப்பு" என்பார்கள். நான் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்தபோதும் இதேதான். ராத்திரி ஷிஃப்டில் மழுங்கிய போல்ட்டோடு மல்லுக்கட்டித்தான் மிச்சத்தைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். கீயும் மலிவு, போல்ட்டும் மலிவு. போல்ட்டுத் தலையில் கீ போகும் அறுகோணக் குழி உருண்டுபோய் மெஷின் நிற்கும் நேரம்தான் விலை அதிகம். ஆகவே ஆலன் கீயின் முனையைக் கட்டிங் இன்சர்ட் (மெஷினில் தேயத் தேய மாற்றும் வெட்டு முனை) மாதிரி பாருங்கள். தேய்ந்தால் மாற்ற வேண்டிய பொருள் அது.

1. வாங்கும் முன் அளவுகளை எழுதுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் நீங்கள் வேலை செய்யும் மெஷின்களை ஒருமுறை சுற்றி வந்து, எந்த அளவு போல்ட் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் மரை அளவு வேறு, கீயின் அளவு வேறு. எம்6 போல்ட்டுக்கு (மரை 6 மி.மீ.) 6 நம்பர் (6 மி.மீ.) கீயை எடுத்துக்கொண்டு போகும் புதியவர்களை இன்றும் பார்க்கிறேன். உருளைத் தலை கொண்ட சாதாரண ஆலன் போல்ட்டுக்கு (ஐஎஸ்ஓ 4762, பழைய ஆட்கள் டிஐஎன் 912 என்பார்கள்) கணக்கு இதுதான்:

எம்3 – 2.5 நம்பர் கீ
எம்4 – 3
எம்5 – 4
எம்6 – 5
எம்8 – 6
எம்10 – 8
எம்12 – 10
எம்14 – 12
எம்16 – 14
எம்20 – 17

இங்கேதான் முதல் பொறி. அதே எம்6, பட்டன் ஹெட்டாகவோ (குமிழ்போல் வளைந்த தாழ்ந்த தலை) சி.எஸ்.கே. தலையாகவோ (மேற்பரப்போடு சமமாக அமிழும் சாய்வுத் தலை) இருந்தால் 4 நம்பர் கீ. கிரப் ஸ்க்ரூவாக (தலையே இல்லாத ஸ்க்ரூ) இருந்தால் 3 நம்பர். எம்8 என்றால் வரிசையாக 6, 5, 4. எம்10 என்றால் 8, 6, 5. ஒரே மரைக்கு மூன்று கீ.

கீ சின்னதாவது மட்டுமில்லை, குழியின் ஆழமும் குறைந்துவிடும். எம்6 உருளைத் தலையில் குழி குறைந்தது 3 மி.மீ. ஆழம் இருக்கும். பட்டன் ஹெட்டில் 2 மி.மீ. இருந்தாலே பெரிது. மெஷின் கவர்களில் அழகுக்காகப் பட்டன் ஹெட் போட்டிருப்பார்கள். மழுங்கிப்போய் உங்கள் கைக்கு வருவதில் முக்கால்வாசி அதுவாகத்தான் இருக்கும். அவற்றுக்கென்றே தேயாத 3, 4 நம்பர் கீ ஒவ்வொன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் கிடைக்கும் 9 கீ செட்டில் 1.5, 2, 2.5, 3, 4, 5, 6, 8, 10 இருக்கும். சாதாரண வேலைக்குப் போதும். 12, 14, 17 வேண்டுமென்றால் உதிரியாக வாங்குங்கள். 7 நம்பர் அபூர்வம்; தலை உயரம் குறைந்த எம்10 போல்ட்டில் வரும். உங்கள் பட்டியலில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். டர்னிங் ஷாப்பில் (லேத் வேலை நடக்கும் இடம்) வேலை என்றால் 10 நம்பரை இரண்டாக வாங்குங்கள். 8 அங்குல சக்கின் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழலும் பகுதி) ஜா, அதாவது பிடிக்கும் தாடை, அதன் போல்ட் பெரும்பாலும் எம்12தான். ஜா மாற்றும்போதெல்லாம் அந்த ஒரு கீதான் அடி வாங்கும்.

2. மில்லிமீட்டரா அங்குலமா என்று பிரித்து வையுங்கள்

பழைய மெஷின், அமெரிக்க மெஷின், சில ஹைட்ராலிக் வால்வு, கம்ப்ரஸர் என்று வந்தால் அங்குல அளவு போல்ட் எதிர்ப்படும். இதில் உயிரை எடுப்பது, கிட்டத்தட்டப் பொருந்தும் அளவுகள்.

5/32 அங்குலம் என்பது 3.97 மி.மீ. 4 நம்பரோடு ஏறக்குறைய ஒன்று. 5/16 என்பது 7.94, 8 நம்பரோடு ஒன்று. இந்த இரண்டும் பெரிதாகத் தொல்லை தராது. ஆனால் 3/16 என்பது 4.76 மி.மீ. அதை எம்6 போல்ட்டின் 5 மி.மீ. குழியில் விட்டால் உள்ளே போகும், லேசான போல்ட் என்றால் கழலவும் செய்யும். இறுகிய போல்ட்டில் ஒரே திருப்பலில் குழி வட்டமாகிவிடும். 3/32 (2.38 மி.மீ.) கீயை 2.5 குழியில் விடுவதும் அப்படியே. எதிர்ப்பக்கமும் உண்டு: கால் அங்குலக் குழி 6.35 மி.மீ. அதில் 6 நம்பர் கீ கலகலவென்று ஆடும். ஆடுகிறது என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தீர்வு எளிது. இரண்டு செட்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். அங்குல செட்டின் நீளக் கையில் (எல் வடிவின் நீளப் பக்கம்) சிவப்பு பெயின்ட் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். உதிரியாகக் கிடக்கும் கீயில் எண் அழிந்திருந்தால் வெர்னியர் அளவுகோலில் அளந்து பார்க்காமல் எடுக்க வேண்டாம். நட்சத்திரக் குழியில் (டார்க்ஸ்) ஆலன் கீயை அழுத்தி விடுவது பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

3. வாங்குவது: எந்த வகை, என்ன விலை, எந்த பில்

முதல் செட்டுக்கு இறக்குமதிச் சரக்கு தேவையில்லை. டபாரியா, அன்பிராகோ போன்று இங்கே எளிதாகக் கிடைக்கும் பெயர்களில் ஒன்றை எடுத்தால் போதும். உள்நாட்டு பிராண்டில் 9 கீ சாதாரண செட் சுமார் 300 முதல் 600 ரூபாய்க்குள் வரும். நீளக் கையும் பந்து முனையும் (சாய்த்தும் திருப்ப உதவும் உருண்டை முனை) உள்ள செட் அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்கு. பாண்டஸ், வேரா, விஹா, பிபி சுவிஸ் என்று போனால் 2,000 ரூபாயில் ஆரம்பித்து 7,000, 8,000 வரை ஏறும். கடைக்குக் கடை மாறும், ஆன்லைனில் வாரத்துக்கு வாரம் மாறும். இதை ஒரு குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலை கூடிய செட் தேவையா? தினமும் முப்பது நாற்பது போல்ட் கழற்றி மாட்டும் வேலை என்றால் தேவை. கையில் பிடிக்கும் சுகம், முனையின் துல்லியம், நீண்ட ஆயுள் எல்லாமே உண்மை. ஆனால் முதல் வருடம் வேண்டாம். முதல் வருடத்தில் கீ தொலையும், மற்றவர்கள் இரவல் வாங்கிப் போவார்கள், கிடங்கில் விழும். தொலைக்கும் பழக்கம் போன பிறகு நல்லதாக ஒன்று வாங்கலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். உதிரி கீ கிடைக்கிற பிராண்டா என்று முதலில் கேளுங்கள். இதுதான் முக்கியம், 5 நம்பர் தேய்ந்ததற்காக முழு செட்டையும் திரும்ப வாங்கக்கூடாது. அப்புறம் முனை. கம்பிக்குச் செங்குத்தாக, பிசிறில்லாமல், ஆறு மூலையும் கூர்மையாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். சாய்ந்து வெட்டியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வெர்னியர் கொண்டுபோனால் 5 நம்பரை மூன்று பக்கமும் அளந்து பாருங்கள். நல்ல கீ 4.95-க்கும் 5.00-க்கும் நடுவில் நிற்கும். பளபள முலாம் பூசிய மலிவுச் சரக்கில் முலாம் முனையில் உரிந்து வரும். கறுப்புப் பூச்சு உள்ளதுதான் என் விருப்பம். எண்ணெய் துடைக்காவிட்டால் அது துருப்பிடிக்கும், அது வேறு விஷயம்.

கோவையில் நஞ்சப்பா சாலை, சென்னையில் பாரிமுனைப் பக்கம் என்று டூல்ஸ் கடைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் வாங்குங்கள். நான்கு கடை விசாரிக்கலாம், உதிரியும் அங்கேயே கிடைக்கும். சனிக்கிழமை மாலை போகாதீர்கள். கவுன்டரில் நின்று பேசக்கூட முடியாது.

பில்: கடைக்காரர் 'எஸ்டிமேட்' என்று துண்டுச்சீட்டு நீட்டுவார், சரி போகட்டும் என்று வாங்கி வந்துவிடாதீர்கள். பிராண்டு பெயர் எழுதிய ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வாரன்டிக்கு அதுதான் ஆதாரம். சொந்தமாக சர்வீஸ் தொழில் செய்து ஜிஎஸ்டி பதிவும் இருந்தால், உங்கள் பதிவு எண்ணோடு பில் போட்டால் கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். வாரன்டி என்றதும் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான கம்பெனிகள் உடைந்தால் மாற்றித் தருவார்கள். முனை தேய்ந்தால் தரமாட்டார்கள். பைப் போட்டுத் திருப்பிய கீ முறுக்கிக்கொண்டு நிற்கும். அதைப் பார்த்தவுடனேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

4. முதல் நாளே அடையாளம், பட்டியல்

பெயரின் முதல் எழுத்தை எலக்ட்ரிக் எட்சரால் (உலோகத்தில் எழுதும் கருவி) ஒவ்வொரு கீயின் நீளக் கையிலும் பொறியுங்கள். வளைவில் பொறிக்க வேண்டாம், முறுக்கு விசை அதிகம் விழும் இடம் அது. எட்சர் இல்லையென்றால் ஏதாவது ஒரு நிறத்தில் பெயின்ட் வளையம் போடுங்கள். கூலன்ட் (மெஷினில் குளிர்விக்க ஊற்றும் திரவம்) பட்டால் சில மாதத்தில் போய்விடும், திரும்பப் போடுங்கள்.

டப்பாவில் ஒவ்வொரு கீக்கும் தனி இடம் இருக்க வேண்டும். பையில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் ஒன்று குறைந்தது உங்களுக்குத் தெரியாது. ஒரு கீ குறைந்தால் நஷ்டம் நாற்பது ரூபாய் என்று கணக்குப் போடாதீர்கள். அது சக்கின் ஜா போல்ட்டிலேயே மாட்டியிருக்கலாம். அந்த நிலையில் யாராவது ஸ்பிண்டிலை (சக்கைச் சுழற்றும் தண்டு) ஓட்டினால் கீ தோட்டாவாகப் பறக்கும். மெஷினை ஓடவிடும் சைக்கிள் ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் முன் டப்பாவில் எல்லாக் குழியும் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்குங்கள். இந்தப் பழக்கம் இல்லாதவரோடு வேலை செய்ய எனக்குப் பயம்.

5. வெளி கம்பெனிக்குப் போகும்போது கேட் பாஸ்

சர்வீஸ் வேலைக்கு வாடிக்கையாளர் ஃபேக்டரிக்குள் உங்கள் டூல்ஸோடு போகிறீர்களா? உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் சிக்கல். செக்யூரிட்டி கேட்டில் பதிவு செய்யாமல் கொண்டுபோன எதையும் வெளியே கொண்டுவர முடியாது. அது உங்களுடையதுதான் என்று சாயங்காலம் ஆறு மணிக்கு நிரூபிக்க ஆள் தேடி அலைய வேண்டும்.

கம்ப்யூட்டரில் டூல் லிஸ்ட் ஒன்று அடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு நகல். ஒன்று அவர்களுக்கு, மற்றொன்றில் கேட்டின் முத்திரையும் நேரமும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லிஸ்டில் "ஆலன் கீ செட் – 1" என்று எழுதாதீர்கள். "ஆலன் கீ, மி.மீ., 1.5 முதல் 10 வரை, 9 எண்ணம்" என்று எழுதுங்கள். வெளியே வரும்போது எண்ணிப் பார்ப்பவர் 8 கீயும் ஒரு உடைந்த துண்டும் கண்டால் அதற்கும் விளக்கம் வேண்டும். ஆகவே உடைந்ததையும் டப்பாவிலேயே போட்டு எடுத்து வாருங்கள். மறுநாளும் வேலை இருக்கிறது என்று டூல்ஸை உள்ளேயே விட்டு வந்தால், அங்கிருக்கும் ஸ்டோரிலோ மெயின்டனன்ஸ் இன்சார்ஜிடமோ அதே நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

நேரக் கணக்கு: ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்குப் போனால் அரை மணி நேரம் நிற்பீர்கள். அதற்கு இருபது நிமிடம் முன்போ பின்போ போங்கள். விமானத்தில் போகிறீர்களென்றால் டூல்ஸ் எல்லாம் செக்-இன் பையில். கைப்பையில் ஒரே ஒரு 10 நம்பர் கீ இருந்தாலும் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள்.

வேலை பார்க்கும் கம்பெனியின் டூல் கிரிப்பிலிருந்து (கருவிகள் கொடுக்கும் அறை) கீ வாங்கினால் ரெஜிஸ்டரில் "நல்ல நிலையில்" என்று கண்ணை மூடிக் கையெழுத்துப் போட வேண்டாம். முனை உருண்டிருந்தால் "முனை தேய்ந்தது" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேலையை விட்டுப் போகும் நாளில் சம்பளத்தில் பிடிக்கும் பேச்சு வரும்போது இந்த இரண்டு வார்த்தை கைகொடுக்கும்.

6. போல்ட்டில் விடுவதும் திருப்புவதும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். கீயின் ஆயுளை முடிவு செய்வது இதுதான்.

முதலில் குழியைச் சுத்தம் செய்யுங்கள். சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) ஷாப்பில் ஒவ்வொரு குழிக்குள்ளும் சில்லும் (வெட்டி விழும் உலோகத் துகள்) கூலன்ட் சேறும் அடைந்திருக்கும். கீ பாதி ஆழத்தில் நின்றுவிடும், உள்ளே போய்விட்டது என்று நினைத்துத் திருப்புவீர்கள், மூலைகள் போய்விடும். மழுங்கும் போல்ட்டில் பெரும்பங்குக்கு இதுதான் காரணம், இரும்பின் தரம் இல்லை. ஒரு ஸ்கிரைபரை வைத்துக் கிளறுங்கள், அப்புறம் ஊதுங்கள். ஏர் கன்னால் ஊதினால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சில்லு நேராக முகத்துக்குத்தான் வரும். பிறகு கீயை விட்டு, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. "டக்" என்று அடியில் உட்காரும் சத்தம் கேட்க வேண்டும்.

இறுகிய போல்ட்டை முதலில் தளர்த்துவதும் கடைசியாக இறுக்குவதும் குட்டைக் கையைப் போல்ட்டில் விட்டு, நீளக் கையைப் பிடித்து. நடுவில் வேகமாகச் சுழற்ற மட்டும் நீளக் கையின் பந்து முனை. பந்து முனை 25, 30 டிகிரி சாய்ந்தும் வேலை செய்யும் என்பது வரம்தான். ஆனால் அதன் கழுத்து மெல்லியது. அதைக்கொண்டு இறுகிய போல்ட்டைத் தளர்த்தப் போனால் பந்து முறிந்து குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். கடினப்படுத்திய இரும்பு அது, டிரில் இறங்காது. வாடிக்கையாளர் முன்னால் நடந்தால் இன்னும் கஷ்டம்.

எவ்வளவு இறுக்குவது? இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். தலையில் 12.9 (வலிமைத் தரம்) என்று அச்சிட்ட எம்6 போல்ட்டுக்கு ஏறக்குறைய 16 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. சாதாரண 5 நம்பர் கீயின் நீளக் கை சுமார் 80 மி.மீ. முனையில் 20 கிலோ அளவு விசை கொடுத்தால் கணக்கு சரியாகிவிடும். நன்றாக அழுத்தினால் கைக்கு வரும். எம்4 போல்ட்டுக்கு 5 நியூட்டன் மீட்டர். 3 நம்பர் கீயில் 8 கிலோ விசை போதும். அதாவது கொஞ்சம் ஆவேசப்பட்டாலே அதிகமாகிவிடும். எம்10 போல்ட்டுக்கோ 80 நியூட்டன் மீட்டர். 8 நம்பர் கீயின் 100 மி.மீ. கையில் 80 கிலோ விசை வேண்டும், யாருடைய கையாலும் ஆகாது. ஆக, கை உணர்வை மட்டும் நம்புகிறவர் சின்னப் போல்ட்டை முறிப்பார், பெரிய போல்ட்டைத் தளர்வாக விடுவார். இரண்டும் ஒரே ஆள்தான்.

எம்4-க்குக் கீழே போனால் கீயின் வளைவுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் பிடித்துத் திருப்புங்கள். எம்8-க்கு மேலே, முக்கியமான இடம் என்றால் டார்க் ரெஞ்சும் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) ஆலன் பிட் சாக்கெட்டும். பைப் மாட்டித் திருப்புவதை எல்லா ஷாப்பிலும் பார்ப்பீர்கள். 8 நம்பரில் பைப் போட்டால் எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது. கழற்றும்போது கீ முறிந்து, பிடித்தவரின் முட்டி நேராக மெஷின் படுக்கையில் போய் மோதும். மேலே சொன்ன எண்கள் 12.9 போல்ட்டுக்கு. 8.8 என்றால் எம்6-க்கு 10, எம்10-க்கு 50 அளவில் நின்றுவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு அதைவிடவும் குறைவு. மரையில் ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் களிம்பு) தடவாமல் போட்டால் சிக்கிக்கொண்டு நிற்கும். மெஷின் மேனுவலில் எண் கொடுத்திருந்தால் அதுதான் கடைசி வார்த்தை, என் எண் இல்லை.

கிரப் ஸ்க்ரூ தனி ரகம். புல்லியிலும் கப்ளிங்கிலும் இருக்கும், சின்னக் கீ, பெரும்பாலும் லாக்டைட் (மரையைப் பிடித்துவைக்கும் பசை) போட்டிருப்பார்கள். நீல நிற 243 என்றால் கையால் வரும். சிவப்பு வகை என்றால் சூடு காட்டாமல் திருப்பவே கூடாது. 250 டிகிரி அளவுக்குப் போனால்தான் இளகும். பக்கத்தில் பேரிங், ஆயில் சீல் இருந்தால் ஹீட் கன்னைத் தொடும் முன் யோசியுங்கள்.

எலக்ட்ரிக்கல் பேனலுக்குள் வெறும் ஆலன் கீயோடு கை விட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்ட பிறகுதான் வேலை. அங்கே அடிக்கடி வேலை இருந்தால் 1000 வோல்ட் குறியிட்ட இன்சுலேட்டட் கீ தனியாக வாங்க வேண்டும். டேப் சுற்றியதெல்லாம் இன்சுலேஷன் ஆகாது.

7. எப்போது சோதிப்பது, எப்போது சாணை பிடிப்பது

வாரக் கடைசியில் பத்து நிமிடம். துணியால் துடைத்து, முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆறு மூலையும் கோடாகத் தெரிய வேண்டும். மூலை மினுமினுப்பாக வட்டமாகத் தெரிந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் புதுப் போல்ட் ஒன்றின் குழியில் விட்டு ஆட்டிப் பாருங்கள். துடைத்த பிறகு லேசாக எண்ணெய்.

தேய்ந்த கீயைத் தூக்கிப்போட அவசரமில்லை. தேய்வது முனையின் 2, 3 மி.மீ. மட்டும்தான், மேலே கம்பி புதிதாகவே இருக்கும். பெஞ்ச் கிரைண்டரில் அந்த 2, 3 மி.மீ.யைச் செங்குத்தாகச் சாணை பிடித்து எடுத்துவிட்டால் கூர்மையான மூலை திரும்பக் கிடைக்கும். ஒரு விநாடி தொட்டால் உடனே தண்ணீரில் முக்குங்கள். முனை நீலமாக மாறினால் சூடு ஏறி இரும்பு இளகிவிட்டது; அந்த நீலப் பகுதியையும் வெட்டி எடுக்க வேண்டும். சாணை முடிந்ததும் விளிம்புப் பிசிறை எண்ணெய்க்கல்லில் தேய்த்து எடுங்கள். குட்டைக் கை ரொம்பக் குட்டையானால் போல்ட் பள்ளத்துக்குள் எட்டாது. அதுவரை இரண்டு மூன்று முறை இப்படி ஓட்டலாம்.

பந்து முனைக்கு இந்த வைத்தியம் கிடையாது. தேய்ந்தால் பந்தை வெட்டிவிட்டு நேர் முனையாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். 2.5-க்குக் கீழே உள்ளவற்றையும் சாணை பிடிக்க மெனக்கெடாதீர்கள், புதிதாக வாங்குங்கள். கம்பி முறுக்கிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தால் அது எந்த அளவாக இருந்தாலும் குப்பைக்கு. நல்லது என்று நினைத்து இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்தாதபடி வெட்டிப் போடுங்கள்.

8. குழி உருண்டுவிட்ட போல்ட்டைக் கழற்றும் வரிசை

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் உங்களுக்கு முன்னால் யாரோ கெடுத்துவைத்த போல்ட் வரும். சேதம் குறைவான வழியிலிருந்து தொடங்குங்கள். நேராக வெல்டிங்குக்குப் போகாதீர்கள்.

முதலில் மரைக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு, பதினைந்து நிமிடம் டீ குடிக்கப் போங்கள். திரும்பி வந்து புது முனையுள்ள கீயை அடித்து உட்காரவைத்து, அதன் தலையில் இரண்டு மூன்று அடி கொடுத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். முனையில் கொஞ்சம் வால்வ் லேப்பிங் பேஸ்ட் (சொரசொரப்பான தேய்ப்புக் களிம்பு) தடவினால் பிடிப்பு கூடும். இதிலேயே பாதி வந்துவிடும்.

வரவில்லையா, டார்க்ஸ் பிட். 5 நம்பர் குழிக்கு டி30, 4 நம்பர் குழிக்கு டி25 என்று தொடங்கி, பிடிக்கவில்லை என்றால் ஒரு அளவு மேலே. சுத்தியலால் இறுக அடித்து உட்காரவைத்துத் திருப்புங்கள். மலிவான பிட் போதும், அது திரும்ப உதவாது. உருளைத் தலை வெளியே தெரிந்தால் வைஸ் கிரிப்பால் (கவ்விப் பூட்டிக்கொள்ளும் பிளையர்) தலையைப் பிடிப்பது இதைவிடச் சுலபம்.

அதற்கும் அசையாவிட்டால் தலையை டிரில் போட்டு எடுப்பது. எம்6-க்கு 6.5, எம்8-க்கு 8.5 மி.மீ. டிரில். குழி ஏற்கெனவே நடுவில் இருப்பதால் டிரில் தானே நேராகப் போகும். 12.9 போல்ட் கடினம்; சாதாரண எச்எஸ்எஸ் டிரில் மழுங்கும், கோபால்ட் டிரிலை மெதுவான வேகத்தில் எண்ணெயோடு விடுங்கள். தலை தனியாக வந்ததும் இறுக்கம் போய்விடும், பார்ட்டைக் கழற்றிவிட்டு மிச்சக் கம்பியை வைஸ் கிரிப்பால் சுலபமாகத் திருப்பலாம். எக்ஸ்ட்ராக்டர் (கெட்ட போல்ட்டுக்குள் இறக்கிக் கழற்றும் கருவி) பக்கம் நான் போவதில்லை. சின்ன அளவில் அது உள்ளே முறிந்தால் பிரச்சினை இரட்டிப்பாகும்.

தலைமேல் நட்டு வைத்து வெல்டிங் அடிப்பது கடைசி வழி. சூட்டிலேயே மரையும் இளகும், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் சிஎன்சி மெஷினில் என்றால் மெயின் சப்ளையை நிறுத்தி, எர்த் கிளாம்ப்பை அந்தப் பார்ட்டிலேயே மாட்டிவிட்டுத்தான். எங்கோ படுக்கையில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். வாடிக்கையாளர் இடமாக இருந்தால் ஹாட் ஒர்க் பெர்மிட் (தீப்பொறி வரும் வேலைக்கான அனுமதி) இல்லாமல் பற்றவைக்கக் கூடாது. அதை வாங்கவே ஒரு மணி நேரம் பிடிக்கலாம். வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எடுத்த போல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள், அரைகுறையாக உருண்டதாக இருந்தாலும்.

9. வருடச் செலவு

செட் ஒருமுறைதான். அதன் பிறகு வருடத்துக்கு 4, 5, 6 நம்பரில் உதிரி கீ இரண்டு இரண்டு, பட்டன் ஹெட்டுக்கென்று 3 நம்பர் ஒன்று. டர்னிங் ஷாப் என்றால் 8, 10 நம்பரும். உதிரி கீ அளவைப் பொறுத்து 30 ரூபாயிலிருந்து 150 வரை இருக்கும்; வருடத்துக்கு ஐந்நூறு, அறுநூறுக்குள் முடிந்துவிடும். கம்பெனி தரும் என்றால் இன்டென்ட்டை (பொருள் கேட்கும் சீட்டு) மாதத் தொடக்கத்திலேயே போடுங்கள். ஸ்டோரில் சரக்கு வர இரண்டு மூன்று வாரம் இழுக்கும்; கீ முறிந்த அன்று இன்டென்ட் போட்டால் பயனில்லை.

அதே கடையில் எம்4, எம்5, எம்6, எம்8 ஆலன் போல்ட் 12.9 தரத்தில், 16, 20, 25, 30 மி.மீ. நீளங்களில் பத்துப் பத்து வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். உருண்ட போல்ட்டைத் திரும்ப மாட்டுவதற்கு எல்லோரும் சொல்லும் காரணம், ராத்திரி இரண்டு மணிக்குப் புதுப் போல்ட் கிடைக்காது என்பதுதான்.